ஈரத்திலும் சரிவிலும் வரைதல்: மலையகத்தில் சித்திரப் பாடம் தொடங்குவோருக்கு

தரம் 6 க்கு வந்ததும் அழகியல் பாடங்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், சித்திரம். அதில் சித்திரத்தை எடுத்த தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். சாதாரண தரம் வரை அதைப் படித்து, உயர்தரத்திலும் அதையே எடுத்திருக்கிறேன். எங்கள் பாடசாலை ஹட்டன் பக்கம். வகுப்பில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சித்திரச் செய்முறைகள் பெரும்பாலும் வெயிலும் சமதரையும் இருக்கிற ஊரை நினைத்துச் சொல்லப்படுபவை. வெயிலில் காய வையுங்கள் என்பார்கள், இங்கே வெயிலுக்கு எங்கே போவது? தெருவை வரையும்போது அடிவானக் கோட்டில் போய் முடியுங்கள் என்பார்கள். நம் தெருவோ மேலே ஏறும், இல்லையென்றால் கீழே விழும். அதனால் எந்த வேலையைத் தொடங்கினாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது எப்படிக் காயும்? இந்தத் தரை எந்தப் பக்கம் சரிகிறது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வாங்க வேண்டியவை

நிறைய வாங்க வேண்டாம். எச்பி, 2பி, 6பி பென்சில்கள் ஒவ்வொன்று. ஒரு வாட்டர் கலர் பெட்டி. வட்டத் தூரிகை இரண்டு, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு மட்டும் போதும். மிச்ச நிறங்களைக் கலந்து எடுக்கலாம். கலந்து பழகாமல் நிறம் பிடிபடாது என்பதால், வசதி இருந்தாலும் பெரிய பெட்டி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

டிமை தாளை (படம் வரையும் பெரிய தாளை) சுருட்டிச் சுவரோரம் சாத்தி வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) சுவர் வியர்க்கும், தாள் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் குடித்த தாளில் பென்சில் கோடு மங்கலாக விழும், றப்பர் போட்டால் நார் கிளம்பும். இரண்டு மட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, பொலித்தீன் உறையில் போட்டு, தரையில் படாத உயரத்தில் வையுங்கள். அடுப்படியில் மட்டும் வேண்டாம். புகை தாளை மஞ்சளாக்கும்.

வரைகரி: மிலாறில் இருந்து

கடைகளில் வரைகரிக் குச்சி கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் விலை அதிகம். ஆனால் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலைக்குப் போனால், வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளான மிலாறு குவிந்து கிடக்கும். அதிலிருந்தே செய்துகொள்ளலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

1. பென்சில் தடிப்பில், முடிச்சு இல்லாத நேரான குச்சிகளாகப் பொறுக்குங்கள். பட்டையை உரித்துவிடுங்கள்.
2. நன்றாகக் காயட்டும். பச்சைக் குச்சி வெடித்துப் பிளந்துவிடும்.
3. மூடியுள்ள பால்மா டின் ஒன்றில் குச்சிகளை நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு சிறு துளை போடுங்கள். துளை இல்லாமல் நெருப்பில் வைப்பது ஆபத்து, உள்ளே ஆவி அடைபட்டு மூடி தெறிக்கும்.
4. சமையல் முடிந்த விறகடுப்பின் தணலில் டின்னை வையுங்கள். துளை வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகை முழுதாக நிற்கும் வரை விடுங்கள்.
5. புகை நின்றதும் டின்னை எடுத்து, துளையை ஈரமண்ணால் அடையுங்கள். முழுதாக ஆறும் முன் திறக்க வேண்டாம். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி தணலாகிச் சாம்பலாகும்.

தேயிலை மரம் வைரமானது, அதனால் மிலாறுக் கரி கொஞ்சம் கெட்டியாக, சாம்பல் சாயலோடு எழுதும். மெல்லிய கோடுகளுக்கு அது நல்லது. அழுத்தமான கறுப்பு வேண்டுமென்றால் மென்மையான மரக் குச்சிகளையும் அதே டின்னில் போட்டுப் பாருங்கள். வரைந்து முடித்த படத்தின் மேல் ஒரு டிசு தாளை வைத்து மூடுங்கள். கைபட்டால் போய்விடும்.

தூரதரிசனம்: தெரு மேலே ஏறும்போது

தூரதரிசனம், அதாவது தூரம் கிட்டத்தைத் தாளில் காட்டும் முறை, என்று பாடம் வரும்போது நம் பிள்ளைகள் குழம்பும் இடம் இதுதான். எதிரே தெரிகிற மலையுச்சியை அடிவானக் கோடு என்று நினைத்துவிடுகிறோம். மலையுச்சி அடிவானம் ஆகாது. அடிவானக் கோடு என்பது உங்கள் கண் இருக்கும் மட்டம். மலைகளுக்கு நடுவே நின்றால் அது கண்ணுக்குத் தெரியாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி இருக்கிறது. தெளிந்த போத்தல் ஒன்றில் பாதி வரை தண்ணீர் ஊற்றுங்கள். முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். தண்ணீரின் மேற்பரப்பு மேலிருந்தும் தெரியாமல், கீழிருந்தும் தெரியாமல், ஒரே கோடாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் கோடு எதிரே இருக்கும் மலையில் எந்த மரத்தை, எந்த லயத்தை வெட்டுகிறதோ அதுதான் உங்கள் கண்மட்டம். தாளில் மெல்லிய கோடாக முதலில் அதைப் போடுங்கள்.

இனி லயத்தை வரையலாம். நீளமான கட்டடம், ஒரே வரிசைத் தகரக் கூரை, சம இடைவெளியில் கதவுகள், முன்னால் இஸ்தோப்பு (விறாந்தை). தூரதரிசனம் பழக இதைவிட நல்ல கட்டடம் கிடைக்காது. லயம் மட்டமான தரையை வெட்டிக் கட்டியது. ஆகவே கூரை விளிம்பு, படிக்கட்டின் ஓரம், கதவு நிலைகளின் மேல்வரி எல்லாம் நீண்டு கண்மட்டக் கோட்டில் உள்ள ஒரே புள்ளியில் சேரும். லயம் உங்களுக்கு மேலே இருந்தால் கூரையின் அடிப்பக்கம் தெரியும், கோடுகள் கீழ்நோக்கி இறங்கிப் புள்ளியைச் சேரும். கீழே இருந்தால் கூரை பெரிதாகவும் சுவர் ஒடுங்கியும் தெரியும், கோடுகள் மேல்நோக்கி ஏறும். மலையகத்தில் ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்க முடியும். இரண்டு லயங்களையும் ஒரே தாளில் வரைந்து பழகுங்கள்.

லயத்துக்குப் பக்கத்தில் ஏறிப் போகும் பாதைக்கு விதி வேறு. ஏறும் பாதையின் இரண்டு ஓரங்களும் கண்மட்டக் கோட்டுக்கு மேலே உள்ள ஒரு புள்ளியில் சேரும். இறங்கும் பாதை அதற்குக் கீழே சேரும். பாதையும் லயமும் ஒரே திசையில் போனால், இந்தப் புள்ளிகள் லயத்தின் புள்ளிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்கும். இது ஒன்று தெரியாததால்தான் பல படங்களில் மேட்டுப் பாதை தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது.

இன்னும் ஒன்று. மலைச்சரிவில் மரம் வரையும்போது கை தன்னாலேயே சரிவுக்குச் செங்குத்தாக மரத்தைச் சாய்த்துவிடும். வெளியே போய்ப் பாருங்கள். சவுக்கும் யூக்கலிப்டசும் எவ்வளவு செங்குத்தான சரிவிலும் வானத்தைப் பார்த்து நேராகத்தான் நிற்கின்றன. தேயிலைச் செடியின் கொழுந்து எடுக்கும் மேல்மட்டம் மட்டும் சரிவோடு சேர்ந்து சாயும். நேராக நிற்கும் மரம், சாய்ந்து போகும் பச்சை மட்டம், இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டால் படத்தைப் பார்க்கிறவருக்கு இது மலை என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கொழுந்து எடுப்பவரை வரைதல்

இதை எல்லாரும் வரைகிறோம். பெரும்பாலானோர் தேயிலைப் பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைகிறோம். பளிச்சென்ற சேலை, நிமிர்ந்த முதுகு, சிரிப்பு. நம் அம்மா, சித்தி, பெரியம்மாவை அப்படி வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டிலேயே பார்த்து வரைய ஆள் இருக்கும்போது பெட்டியைப் பார்த்து ஏன் வரைய வேண்டும்?

கூடையின் கயிறு தலையில் தொங்குகிறது. பாரம் பின்னால் இழுக்கிறது, அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்தும் தலையும் முன்னால் வருகின்றன. சரிவில் நிற்பதால் மேல்காலின் முழங்கால் மடிந்திருக்கும், கீழ்க்கால் நேராக ஊன்றியிருக்கும். இடுப்பைச் சுற்றிப் படங்கு (தடித்த விரிப்பு). கைகள் இரண்டும் செடிக்கு மேலே, விரல் நுனிகளில் வேலை. முதலில் தலையில் இருந்து ஊன்றிய கால் வரை ஒரே வளைகோடு போடுங்கள். உடம்பின் பாரம் எங்கே போகிறது என்று அந்தக் கோடு காட்டும். அப்புறம் கூடை, அப்புறம் கைகள், கடைசியில் முகம். இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பை கட்டுகிறார்கள். உங்கள் தோட்டத்தில் பை என்றால் பையையே வரையுங்கள்.

மலையில் வேலை நேரத்தில் ஆட்களை நிறுத்திவைக்க முடியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் காத்திருப்பார்கள், அங்கே வரையலாம். "சித்தி, கொஞ்ச நேரம் கையை மட்டும் பார்த்து வரைஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வரையுங்கள். கேட்காமல் வரைவது முறையில்லை. வரைந்ததை அவர்களிடம் காட்டவும் வேண்டும். "என் கையில இருக்கிற வெடிப்பு இதுல இல்லையே, போடு" என்று அவர்களே திருத்துவார்கள். அந்தத் திருத்தம் படத்துக்கு உயிர் கொடுக்கும்.

உருவத்தின் கோட்டைப் பழக இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஓவியப் பிரதிகளைத் தேடிப் பாருங்கள். 1901 இல் கண்டியில் பிறந்தவர், 1943 இல் தொடங்கிய '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவில் ஒருவர். உருவங்களைத் தடித்த, நிற்காமல் ஓடும் கோட்டால் சுற்றி வளைப்பார். கோடு ஒன்றே எவ்வளவு சொல்லும் என்று அதில் தெரியும். எழுத்து வினாத்தாளுக்கும் அவர் பெயர் உதவும்.

மூடுபனியும் நீர்வர்ணமும்

நீர்வர்ணத்தில் மட்டும் நம் ஈரம் பெரிய வரம். வெக்கையான ஊர்களில் தாளை நனைத்தால் நிறம் போடும் முன்பே உலர்ந்துவிடும். இங்கே நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. மூடுபனி வரைய அதுதான் தேவை.

தாளை ஒரு பலகையில் நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். மேல்பாதியைச் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள். பளபளப்பு அடங்கும் வரை காத்திருந்து, நிறையத் தண்ணீரில் கரைத்த நீலத்தோடு ஊதாவைக் கொஞ்சமாகச் சேர்த்து, தூர மலையின் உச்சியை மட்டும் இடுங்கள். அடிப்பக்கத்தை வெறும் தண்ணீர்த் தூரிகையால் தொட்டுவிட்டால் நிறம் தானாகக் கரைந்து பனிக்குள் மறையும். பனிக்கு வெள்ளை நிறம் பூச வேண்டாம், தாளின் வெள்ளையே பனி. அது காய்ந்த பிறகு அடுத்த மலை, கொஞ்சம் அழுத்தமாக. கிட்டே வர வர நிறம் கூடும், விளிம்பு கூர்மையாகும்.

பச்சையைக் குழாயில் இருந்து அப்படியே எடுக்காதீர்கள். இளம் கொழுந்துக்கு எலுமிச்சை மஞ்சளில் நீலம் துளி. முற்றிய இலைக்கு நீலத்தைக் கூட்டி, சிவப்பு மிகக் கொஞ்சம் சேர்த்தால் பச்சை அடங்கி இருளும். இந்த இரண்டையும் கலக்கத் தெரிந்தால் கொழுந்து எடுத்த மலைக்கும் எடுக்காத மலைக்கும் வித்தியாசம் காட்டலாம்.

லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு

அச்சுப் பதித்தல் வகுப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. நுவரெலியா, வெலிமடை மரக்கறி நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. லீக்சைக் குறுக்கே வெட்டினால் வளையத்துக்குள் வளையம். கோவாவை இரண்டாகப் பிளந்தால் கிளை விரிந்த மரம். வெண்டிக்காய் பூவாகப் பதியும். உருளைக்கிழங்கில் நீங்கள் விரும்பிய வடிவத்தைச் செதுக்கலாம்.

கத்தியை ஒரே இழுப்பில் இறக்குங்கள், நிறுத்தி நிறுத்தி வெட்டினால் முகம் மேடுபள்ளமாகிவிடும். வெட்டிய முகத்தைப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்துச் சிறிது நேரம் வையுங்கள், நீர் இறங்கட்டும். நீர் இறங்காத கிழங்கில் நிறம் வழுகும். லீக்ஸ் வளையங்கள் நழுவாமல் இருக்க றப்பர் பாண்ட் போட்டுக் கட்டுங்கள். ஸ்பொஞ்சில் போஸ்டர் கலரைக் கெட்டியாகத் தடவி, அதில் ஒற்றி எடுத்துப் பதியுங்கள்.

சும்மா பதித்துக்கொண்டே போனால் அலங்கார வடிவமைப்பு ஆகாது. முதலில் பென்சிலால் சதுரக் கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் உருவம். இந்த ஒழுங்கைப் பழக எம்பெக்கே தேவாலயத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற, 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கதிர்காமக் கடவுளின் கோயில் அது. மரத் தூண்களில் பின்னிய கழுத்துடைய அன்னங்கள், மல்லர்கள், ஆடும் பெண், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், இருதலைப் பறவை என்று தூணுக்குத் தூண் சதுரச் சிற்பங்கள். சதுரத்தை உருவம் எப்படி நிரப்புகிறது, மூலைகள் எப்படிக் காலியாகாமல் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு கொப்பி கொண்டுபோய் நாலைந்து சதுரங்களை வரைந்து வாருங்கள். பக்கத்திலேயே கடலாதெனிய விகாரை. 1344 இல் கட்டப்பட்ட கற்கட்டடம், அதன் தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர். கல்லைப் பார்த்தாலே அது தெரியும்.

தேயிலைச் சாயம்

நிறம் தீர்ந்துபோனால் தேயிலைத் தூள் இருக்கிறது. அரைக் கோப்பை கொதிநீரில் நிறையத் தூள் போட்டு, வற்றக் காய்ச்சி வடியுங்கள். ஒரு தடவை பூசினால் வெளிர் மண்ணிறம், காய்ந்த பின் மேலே மேலே பூசப் பூச இருளும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவைத்து, அந்த நீரைத் தேயிலை பூசிய இடத்தில் தொட்டால் சாம்பலும் கறுப்புமாக மாறும். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் மாற்றம் அது. மஞ்சள்தூள் கரைத்துப் பூசிய இடத்தில் சுண்ணாம்பு நீரைத் தொட்டால் சிவக்கும். ஆணி நீரையும் சுண்ணாம்பையும் டீச்சர் முன்னிலையில் பயன்படுத்துங்கள், கண்ணில் படக் கூடாது. மஞ்சள்தூள் நிறம் வெளிச்சத்தில் வெளிறும், அந்தப் படத்தை ஜன்னலோரம் மாட்ட வேண்டாம்.

களிமண், கடதாசிக்கூழ்: எதை எப்போது

இந்த இரண்டும் ஈரத்துக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். களிமண் மெல்லக் காய்ந்தால்தான் வெடிக்காது. மழை மாதங்கள் அதற்கு ஏற்றவை. கடதாசிக்கூழ் வேகமாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும். அதை மழையில் தொடங்கவே வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தை முதல் பங்குனி வரை உள்ள மாதங்களில் கடதாசிக்கூழ் செய்யுங்கள், வைகாசிக்குப் பிறகு தென்மேற்கு மழை பிடித்ததும் களிமண்ணுக்குப் போங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு மாறும். அங்கே மார்கழி, தை மழைக்காலம், ஆனி, ஆடி காற்றோடு காயும் காலம்.

தோட்டத்துச் செம்மண் எல்லாம் களிமண் ஆகாது. ஓடை வளைவில் படிந்த மண்ணைப் பாருங்கள். கொஞ்சம் எடுத்துப் பிசைந்து, சுண்டுவிரல் தடிப்பில் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். வெடித்தால், வாளித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, அடியில் படிந்ததை எடுத்துத் திரும்பப் பாருங்கள். துண்டுகளை ஒட்டும்போது இரண்டு முகங்களையும் கீறி, குழைத்த களிமண் சேறு தடவி அழுத்துங்கள். தடித்த உருவமென்றால் உள்ளே குடைந்துவிடுங்கள், சுவர் ஒரு விரல் தடிப்புக்கு மேல் வேண்டாம். முடித்ததைப் பொலித்தீனால் மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காய விடுங்கள்.

கடதாசி முகமூடிக்குப் பத்திரிகைத் தாளைக் கீலங்களாகக் கிழியுங்கள், கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு தெரியும். கோதுமை மாப்பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். இரண்டு படை ஒட்டியதும் காய வைத்து, அப்புறம் அடுத்த இரண்டு.

கதையை வரிசையாகச் சொல்லுதல்

ஒரு தவணைக்கு ஒரு பெரிய வேலை கேட்டால், காமன் கூத்தைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் மாசியில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரதி மன்மதன் கலியாணம், சிவனின் தவம், கரும்பு வில், எரிதல், ரதியின் புலம்பல் என்று கதை படிப்படியாகப் போகும்.

இதை எப்படித் தாளில் அடுக்குவது என்பதற்குக் கண்டிக்காலச் சுவரோவியங்கள் நல்ல ஆசான். கண்டிக்குக் கிட்டே தெகல்தொருவ குகை விகாரையில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய ஓவியங்கள் இருக்கின்றன. புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை நீண்ட பட்டைகளாகத் தீட்டியிருக்கிறார்கள். பின்னணி சிவப்பு. ஒரே பாத்திரம் அதே பட்டையில் திரும்பத் திரும்ப வரும், அதை வைத்துக் கதை நகர்வதைப் புரிந்துகொள்கிறோம். காலியான இடங்களைப் பூக்கள் நிரப்பும்.

அதேபோல் டிமை தாளை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். மன்மதனுக்கு ஒரு நிறம், ரதிக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்து, கடைசி வரை அதை மாற்றாதீர்கள். பார்க்கிறவர் நிறத்தை வைத்துத்தான் ஆளைத் தொடர்வார். கூத்துக்கு நடும் காமன் மரத்தை முதல் பட்டையிலும் கடைசிப் பட்டையிலும் போடலாம். கூத்து ஆடும் மாமாக்களிடம் போய் எந்தக் கட்டத்துக்குப் பின் எது வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சில மாற்றங்கள் இருக்கும், உங்கள் தோட்டத்தில் ஆடுகிறபடியே வரையுங்கள். பரீட்சைக்குத் தெகல்தொருவ பற்றிப் படிக்கும்போதும் இந்த வேலை கைகொடுக்கும். கையால் ஒரு முறை பட்டை பிரித்தவருக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கோப்பு

எல்லா வேலைகளையும் ஒரு கோப்பில் சேருங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், தரம், திகதி, பயன்படுத்திய பொருள் ஆகியவற்றை எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் முன்பக்கம் ஊறும். படத்துக்குப் படம் இடையே ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள், போஸ்டர் கலர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிடிக்காத படங்களையும் கிழிக்காமல் கடைசியில் வையுங்கள், மூன்றாம் தவணையில் முதலாம் தவணைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டி வரும். வெயில் அடிக்கிற நாளில் கோப்பைத் திறந்து, தாள்களை நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். கரும்புள்ளி விழுந்த தாள் இருந்தால் உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் போடுங்கள்.